குழு அறையில் வாய் திறக்காதவர்

எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அக்கா முன்வாசல் வழியே நுழையமாட்டார். முதலில் பின்பக்கம் போய்ப் பார்ப்பார். எங்கள் ஆலயத்துக்குப் புதிதாகக் கல்யாண மண்டபம் கட்டித் திறந்த நாளில், போதகரும் சபையாரும் ரிப்பனுக்கு எதிரே நிற்க, அக்கா சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி சுற்றுச்சுவர் ஓரமாகப் பின்னால் போனார். ஜெபம் முடிவதற்குள் திரும்பி வந்து என் காதில் சொன்னார்.

"அடுக்களைத் தண்ணி போவதுக்கு வழி வெக்கல்ல, கேட்டியா. முதல் கல்யாணத்துலயே முற்றம் குளமாவும் பாத்துக்க."

"பைய சொல்லுங்கக்கா, போதகர் பாக்காரு."

"பாக்கட்டும். அவரும் அங்கதானே எலை போட்டு உண்ணணும்?"

முதல் கல்யாணத்திலேயே அவர் சொன்னபடி ஆயிற்று. பாயசம் விளம்புகிற நேரத்தில் பந்தியில் இருந்தவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

இரணியலில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. தில்லியில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இரண்டு டிரங்குப் பெட்டிகளோடு ரயிலிறங்கி வந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "பொண்ணு பாக்க ஒருத்தன் ரெண்டு தடவ வந்தான். எடையில மூணு வருஷம். ரெண்டு தடவையும் இருபத்தெட்டு வயசுன்னான்" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒன்பது வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தார். அந்த ஒன்பது வருஷத்தில் அவரிடம் நான் ஒரே ஒருமுறைதான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் என் மகன் அஜின் உயிர் போகிற இடம்வரை போய்த் திரும்பினான். அக்காவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் முன்னால் வந்து நிற்கிறது.

அவர் பார்த்த வேலையைச் சொன்னால்தான் அவரைப் புரியும். நாடாளுமன்றத்தில் குழுக்கள் கூடுகிற அறையில், யார் என்ன பேசினாலும் சொல்லுக்குச் சொல் சுருக்கெழுத்தில் எடுப்பது அவர் வேலை. தொடர்ந்து எழுதினால் கை ஓய்ந்துவிடும் என்பதால் ஒருவருக்கு ஐந்து நிமிடம். அடுத்த ஆள் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்ததும் இவர் எழும்பி வெளியே போய், எடுத்ததைச் சுத்தமாக எழுதவேண்டும். மறுபடி முறை வரும்போது உள்ளே போகவேண்டும். கைக்கடிகாரத்தின் முகத்தை மணிக்கட்டின் உட்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். எழுதும்போதே நேரம் தெரியவேண்டுமே. ஊருக்கு வந்த பிறகும் அப்படியேதான் கட்டினார்.

பட்டாளத்துக்காரர்களுக்குக் குடியிருப்பு கட்டவேண்டும், வெளிநாட்டில் நமக்குத் தூதரகம் கட்டவேண்டும், அங்கே வேலை செய்பவர்களுக்கு வீடு கட்டவேண்டும் என்றெல்லாம் கேட்டு அதிகாரிகள் அந்த அறைக்கு வருவார்களாம். எதற்கு இது, யார் கேட்டது, இல்லாவிட்டால் என்ன கெட்டுப்போகும், போன முறை கேட்டது என்ன ஆயிற்று என்று உறுப்பினர்கள் கேட்பார்களாம். அக்காவுக்கு இந்தக் கேள்விகள் நாக்கில் ஒட்டிப்போய்விட்டன. நான் புதிதாக ஒரு பீரோ வாங்கியபோதுகூட, "இத ஆரு கேட்டா?" என்றுதான் கேட்டார்.

"ஒரு நாடு. பேரு கேக்காத, சொல்ல மாட்டேன்" என்று ஒரு கதையை அடிக்கடி ஆரம்பிப்பார். "அங்க நம்ம தூதரகத்துக்குன்னு நிலம் வாங்கிப் போட்டாச்சு. நான் வேலைக்குச் சேந்த ரெண்டாவது வருஷம் ஒரு ஆபீசர் வந்து, ரெண்டு வருஷத்துல கட்டி முடிச்சிருவோம்னு பறஞ்சாரு. நான் ரிட்டையர் ஆவதுக்கு முந்தின வருஷம் வேற ஒரு ஆபீசர் வந்து, அதே நிலத்துக்கு அதே ரெண்டு வருஷத்தப் பறஞ்சாரு. மெம்பர்மாரு மாறியாச்சு. ஆபீசர்மாரு மாறியாச்சு. ரெண்டு பேரு பறஞ்சதையும் கேட்ட ஆளு அந்தக் குழு முறியில நான் ஒருத்திதான்."

"நீங்க சொல்லிருக்கலாம்லாக்கா?"

"எனக்கு வாய் தொறக்கப்பிடாது மக்ளே. மேசைக்கு நடுவுல இருக்கேன். ஆனா அங்க இருக்க ஆளுவள எண்ணினா என்னைய எண்ணமாட்டாவ."

பேசியவர்களுக்கு அவர்கள் பேச்சைத் திருத்தத்துக்கு அனுப்புவது அங்கே வழக்கம். குடியிருப்பு முடிந்துவிட்டது என்று அறையில் சொன்ன ஒருவர், தாள் திரும்பி வரும்போது 'முடியும் தறுவாயில்' என்று ஆக்கியிருந்தாராம். ஒரு உறுப்பினர் விடாமல் கேட்டபோது, வீடெல்லாம் ஆயிற்று, தண்ணீர் மட்டும் வரவில்லை என்பது வெளியே வந்ததாம். "தண்ணி இல்லாத வீட்டுல சிப்பாய்க்க பெண்டாட்டி என்னத்தச் செய்வா?" என்று அக்கா அத்தனை வருஷம் கழித்தும் கோபமாகக் கேட்பார். முதலில் வாயிலிருந்து வருவதுதான் நிஜம், பிறகு வருவதெல்லாம் வெள்ளையடித்தது என்று அவருக்கு ஒரு முடிவு இருந்தது.

அதனால் எங்கள் தெருவிலும் யாராவது ஏதாவது உறுதி சொன்னால் எழுதிக்கொள்வார். நடுவில் சிவப்புக் கோடு போட்ட ஒரு நோட்டு எப்போதும் கையில் இருக்கும். மேல்வீட்டுப் பெண்ணுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்து, மாப்பிள்ளையின் தாய்மாமன் பேசியதை முழுக்க எடுத்தார். பிறகு, "மாப்பிள்ளைக்கு குடி உண்டான்னு பொண்ணுக்க அப்பா கேட்டாரு. நீங்க, 'நல்ல பையன், ஆலயத்துல பாடுவான்'னு பறஞ்சிய. கேட்டதுக்கு பதிலு எங்க?" என்று வாசித்துக் காட்டினார். தாய்மாமன் எழும்பிவிட்டார். சம்பந்தம் அந்த இடத்திலேயே முறிந்தது. பெண்ணின் அம்மா ஆறு மாதம் அக்காவிடம் பேசவில்லை. அக்கா வருவதைக் கண்டால் பேச்சை நிறுத்துகிறவர்கள் தெருவில் பாதிப்பேர். எனக்கே சில நாள் அவர் முன்னால் வாயைத் திறக்கப் பயமாக இருக்கும்.

பயப்படாத ஒரே ஆள் இராஜாக்கமங்கலத்திலிருந்து மீன் கொண்டு வருகிற மீன்காரி. "இன்னைக்குள்ள மீனா? எத்தன மணிக்குள்ளது?" என்று இவர் கேட்டால், "ஏம்மா, சாளைக்கு பொறப்புச் சர்டிபிகேட் வேணுமா? நாளைக்கு விஏஓகிட்ட எழுதி வாங்கிட்டு வாறேன்" என்பாள்.

அந்த மீன்காரிதான் ஒருநாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, தங்கள் கடற்கரையில் யாரோ வந்து அளந்து கல் போட்டிருப்பதாகவும், பட்டாளத்துக்குக் கட்டடம் வருவதாக ஊரில் பேச்சு என்றும் சொன்னாள். அக்கா மறுநாளே பஸ் ஏறினார். அளந்துகொண்டிருந்த பையனிடம் எதற்கு, யார் கேட்டது என்று கேட்டிருக்கிறார். அவன், "மேல உள்ளவங்களுக்குத்தாம்மா தெரியும்" என்றிருக்கிறான். அக்காவுக்கு அது போதும். "மேல உள்ளவன்னு பறஞ்சா அது பாதுகாப்புத் துறைதான். வருஷக்கணக்கா கேட்டிருக்கேன்" என்று அந்தக் கடற்கரைப் பெண்களைத் திரட்டி, கிராம நிர்வாக அலுவலகத்துக்கு மனு கொடுக்க வைத்தார். வீடு போய்விடும் என்று இரண்டு வாரம் அந்தப் பெண்கள் பதறிக் கிடந்தார்கள்.

கடைசியில் அங்கே வந்தது கடல் பார்க்க வருபவர்களுக்கான கழிப்பறை.

"அம்மா சொன்ன பட்டாளம் வந்தாச்சு" என்றாள் மீன்காரி. "ஆணுக்குத் தனி, பொண்ணுக்குத் தனி."

அக்கா அசரவில்லை. "இப்பம் கழிப்பறை. பின்னால எவ்வளவு எடம் சும்மா கெடக்குன்னு பாத்தியா நீ?" என்றார். தெரு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்குப் பின்னால் பெரிய தீங்கு செய்தது. கழிப்பறையைப் பட்டாளம் ஆக்கியவர்தானே என்று அவர் பேச்சை லேசாக எடுத்துக்கொள்ள எனக்கு அதுவே காரணமாகிவிட்டது.

அஜின் சிவில் டிப்ளமோ படித்தவன். படிப்பு முடிந்து இரண்டு வருஷம் தக்கலையிலும் நாகர்கோவிலிலும் அரைகுறை வேலைகள். என் கணவர் பதினெட்டு வருஷமாக மஸ்கட்டில் இருக்கிறார். ஒவ்வொரு கம்பெனியிலும் அவர் பட்ட பாட்டைப் போனில் கேட்டே எனக்கு வயதாகிவிட்டது. மகனும் வெளிநாடு போகவேண்டும், ஆனால் அந்தப் பாடு படக்கூடாது. இதுதான் என் ஆசை. அப்படி இருக்கும்போதுதான் ஆலயத்தில் தெரிந்த ஒருவர் மூலமாக அஞ்சுகிராமம் பக்கத்து ஏஜென்ட் ஒருவர் வீட்டுக்கு வந்தார். வெளுத்த சட்டை, தணிந்த குரல்.

"அம்மா, இது மத்த கம்பெனி வேல மாதிரி கெடையாது" என்றார். "நம்ம நாட்டு எம்பஸி பில்டிங். பார்லிமென்டே அனுமதி குடுத்தது." ஒரு தாளை எடுத்துத் தந்தார். எந்தெந்த நாட்டில் எந்தெந்தக் கட்டடம் என்று வரிசையாக அச்சடித்த அறிக்கையின் பக்கம். அவர் சொன்ன ஊரின் பெயர் அதில் இருந்தது. தூதரகமும் ஊழியர் குடியிருப்பும்.

நாடாளுமன்றம் சம்மதித்த வேலையில் யார் ஏமாற்றப் போகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. படித்தவள்தான் நான். ஆனாலும் அந்த ஒரு தாளில் என் மகனின் சாப்பாடு, படுக்கை, சம்பளம் எல்லாமே எழுதியிருப்பதுபோல நினைத்துக்கொண்டேன். பெருமையாகப் போய் அக்காவை அழைத்து வந்தேன். அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல ஊரில் அவரைவிடப் பொருத்தமான ஆள் யார்? அஜின் அப்போது விசாவுக்குப் போட்டோ எடுக்க நாகர்கோவில் போயிருந்தான்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை இரண்டு முறை படித்தார்.

"தாளு உள்ளதுதான். எனக்க கூட இருந்தவளுவ யாராவது டைப் அடிச்சதா இருக்கும்."

"அப்பம் சரிதானக்கா?" என்றேன்.

"கட்டடத்துக்கு அனுமதி உண்டு. இதுல ஒனக்க மோன் எங்க இருக்கான்?"

ஏஜென்ட் சிரித்தார். "பார்லிமென்ட்ல ஆளுக்குப் பேரெல்லாம் போடுவாங்களாம்மா?"

"போடமாட்டாவ. அதான் கேக்கேன். கட்டடத்துக்கு ஆரு பொறுப்புன்னு இதுல இருக்கு. ஆளுக்கு ஆரு பொறுப்பு?"

"கம்பெனிதான்."

"எது? கட்டுக கம்பெனியா, ஆளு எடுக்க கம்பெனியா?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

அக்கா எழுதினார். இன்னும் இரண்டு மூன்று கேள்வி கேட்டு, பதிலை எழுதினார். பிறகு மணிக்கட்டைப் பார்த்தார். எழும்பினார். "இத சுத்தமா எழுதிட்டு வாறேன். ஒப்பு போடணும் கேட்டேளா, போயிராதிங்க" என்று ஏஜென்டிடம் சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனார்.

முப்பத்திரண்டு வருஷப் பழக்கம். ஐந்து நிமிடம் ஆனதும் கால் தானாக எழும்பிவிட்டது. குழு அறையில் அவர் எழும்பினால் அடுத்தவள் வந்து உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து எழுதுவாள். என் வீட்டில் அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது.

அவர் படி இறங்கியதும் ஏஜென்ட் நாற்காலியை என் பக்கம் இழுத்தார். "ஒரு சின்ன விஷயம்மா. எம்பஸி சைட்டுக்குள்ள போக பாஸ் வரதுக்கு மூணு மாசம் ஆவும். அதுவரைக்கும் பையன் பக்கத்துல வேற ஒரு சைட்ல இருப்பான். பாஸ்போர்ட் கம்பெனி கையில இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான். அந்த அம்மாகிட்ட சொன்னா பெருசாக்குவாங்க. இன்னைக்கு நீங்க சரின்னு சொன்னா லிஸ்ட்ல பேரு ஏறும்."

நான் சரி என்றேன். கையெழுத்துப் போட நிற்காமல் அவர் போய்விட்டார்.

அக்கா சுத்தமாக எழுதிய தாளோடு வந்தபோது காலி கிளாஸ் மட்டும் மேசையில் இருந்தது.

"போயிட்டானா? நான் போன பெறவு என்ன பறஞ்சான்?"

"ஒண்ணும் இல்லக்கா. சாயா குடிச்சிட்டுப் போயிட்டாரு."

அவர் என் முகத்தையே பார்த்தார். ஆனால் இன்னொரு கேள்வி கேட்கவில்லை. எல்லாரையும் சந்தேகப்பட்ட அவர் என்னை மட்டும் சந்தேகப்படவில்லை.

மூன்றாவது வாரம் அஜின் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினான். இருபது நாள் ஒழுங்காகப் போன் வந்தது. அறை நன்றாக இருக்கிறது, குளிர்தான் தாங்கவில்லை என்றான். பிறகு ஒருநாள் மத்தியானம், நான் துணி விரித்துக்கொண்டிருந்தபோது கூப்பிட்டான். காற்றுச் சத்தத்துக்கு நடுவே மிகவும் தாழ்ந்த குரல்.

"அம்மா, இது எம்பஸி இல்ல. பஸ்ல ஒரு ராத்திரி முழுக்கக் கூட்டிட்டு வந்தானுவ. இங்க எல்லாவனும் துப்பாக்கி வெச்சிருக்கான். எங்களுக்கு மண்மூட்டைச் சுவரு கட்டுக வேல. தூரத்துல வெடி கேக்குது."

"எந்த ஊரு மக்கா அது? பேரு சொல்லு."

போர்டில் எழுதியிருந்ததை எழுத்து எழுத்தாகச் சொன்னான். நான் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். போன் நின்றது. அதன் பிறகு பத்தொன்பது நாள் ஒன்றும் இல்லை. ஏஜென்டின் எண் அணைந்து கிடந்தது. அஞ்சுகிராமத்தில் அவர் தந்த முகவரியில் ஒரு செல்போன் கடை இருந்தது.

மூன்றாம் நாள் அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலியையும் மூன்று மாதத்தையும் பாஸ்போர்ட்டையும் என் பொய்யையும். அவர் வையவில்லை. நான் பேசப் பேச எழுதினார். முடிந்ததும் என் முன்னாலேயே திருப்பி வாசித்தார்.

"'மூணு மாசம் வேற சைட்டுன்னு அவன் சொன்னான். நான் சரின்னேன். அக்கா கேட்டப்பம் ஒண்ணும் சொல்லலன்னு பொய் சொன்னேன். சொன்னா போவ விடமாட்டியன்னு பயந்தேன்.' இதுதானே நீ பறஞ்சது?"

"ஆமாக்கா."

"திருத்தம் உண்டா?"

"இல்ல."

நோட்டை மூடினார். "நான் எழும்பிப் போயிருக்கப்பிடாது" என்றார். அவ்வளவுதான்.

நான் அதற்குள் நான்கு பக்கம் மனு எழுதி வைத்திருந்தேன். படித்துவிட்டு மடித்து ஓரமாக வைத்தார். "இது முழுக்கக் கண்ணீரு. கண்ணீருக்கு அவங்ககிட்ட ஒரு பதிலு உண்டு. ஆழ்ந்த வருத்தம்னு ஒரு வரி வரும். கெஞ்சாத மக்ளே, கேளு. கேள்விக்கு அவனுவ பதிலு எழுதியே ஆவணும்."

அவர் எழுதியது அரைப்பக்கம். அந்த ஊரில் நம் தூதரகம் கட்டும் இடத்தில் இந்தப் பாஸ்போர்ட் எண் உள்ளவர் வேலை செய்கிறாரா? இல்லையென்றால், நாடாளுமன்றம் அனுமதித்த கட்டடத்தின் பெயரைக் காட்டி இவரை எடுத்த கம்பெனிக்கும் அந்தக் கட்டடத்தைக் கட்டுகிறவர்களுக்கும் என்ன தொடர்பு? அவர் இப்போது இருப்பதாகச் சொன்ன இந்த இடம் யாருடையது? அந்த மூன்று கேள்விகள்தான். தூதரகத்துக்கும் அமைச்சகத்துக்கும் எங்கள் எம்.பி.க்கும் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பினோம். எம்.பி. அலுவலகத்தில் நேரில் போய் உட்கார்ந்தார் அக்கா. அங்கிருந்த உதவியாளர், "நாங்க பாத்துக்கிடுதோம்மா, நீங்க போங்க" என்றார். "எப்பம் பாப்பிய? அந்த நாள பறையுங்க, எழுதிக்கிடுகேன்" என்று இவர் நோட்டை விரித்ததும் அந்த உதவியாளர் உள்ளே ஓடினார்.

ஆறாம் நாள் தூதரகத்திலிருந்து பதில் வந்தது. எங்கள் கட்டட வேலையில் அப்படி ஒருவர் இல்லை, அப்படி ஒரு கம்பெனிக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அக்கா அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அழாதட்டி. இதுதான் வேணும். அவன் அவங்க எடத்துல இல்லன்னு இப்பம் தாளு இருக்கு. அப்பம் எங்க இருக்கான்னு கண்டுபிடிக்காம இனி இருக்க முடியாது அவங்களுக்கு" என்றார். அன்றைக்கே அடுத்த கேள்வியை எழுதினார்.

இருபதாம் நாள், அங்கிருந்து வெளியே கொண்டுவந்துவிட்டார்கள் என்று அஜினே போனில் சொன்னான். பிறகு திரும்பி வந்தான். எல்லாம் சேர்த்து ஏழு வாரம். விமான நிலையக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. இடது காது சரியாகக் கேட்பதில்லை. பக்கத்தில் எங்கோ விழுந்து வெடித்ததாம். கூட வேலை செய்து, திரும்பி வராத இரண்டு பேரைப் பற்றிக் கேட்டால் எழும்பி வெளியே போய்விடுவான்.

உங்கள் கடிதத்தால்தான் என் பிள்ளை வந்தான் என்று அக்காவின் கையைப் பிடித்தேன். உடனே கையை இழுத்துக்கொண்டார். "எனக்க கடிதத்தால வந்தான்னு ஆரு சொன்னா? அதுக்குத் தாளு இருக்கா?"

இரண்டு மாதம் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆலயம் முடிந்து வந்து மூன்று பேரும் எங்கள் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அஜின் வலது காதை அக்கா பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தான். திடீரென்று கேட்டான்.

"அத்த, நான் போட்டோ எடுக்கப் போன அன்னைக்கு அந்த ஆளு வந்தான்லா. மூணு மாசம் வேற சைட்டுன்னு அம்மைட்ட சொன்னானா?"

அக்கா மீன்முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார்.

"நான் இருந்த வரைக்கும் அவன் அப்படிப் பறையல்ல மோனே."

"நீங்க போன பெறவு?"

"நான் இல்லாத நேரத்த நான் எப்படிப் பறைய?"

சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. நான் என் வாயால் சொன்னது அவர் நோட்டில் இருந்தது, எழுத்துக்கு எழுத்து. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி நழுவுகிற அந்த மாதிரிப் பதிலை எத்தனை அதிகாரிகளிடம் கேட்டு எத்தனை முறை பல்லைக் கடித்திருப்பார்! எனக்காக அதை அவரே சொல்லிவிட்டார். கை கழுவும் சத்தம் வெகு நேரம் கேட்டது.

அதற்குமேல் என்னால் இருக்க முடியவில்லை. "சொன்னான் மக்கா" என்றேன். "எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஒன்ன அனுப்புனேன்."

அஜின் என்னைப் பார்க்கவில்லை. மரச்சீனியைப் பிய்த்துக்கொண்டே சொன்னான். "எனக்கும் தெரியும்மா. ஏர்போர்ட் போற வழியில அவனே எங்கிட்ட சொல்லிட்டான். நான் வண்டியத் திருப்பச் சொல்லிருக்கலாம். நான்தான் சொல்லல. போவணும்னு ஆசையா இருந்து."

அன்று அந்த வார்த்தை என்னைத் தூக்கி நிறுத்தியது. ஒரு வாரம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது, அந்த வண்டியில் நானும் இருந்தேன். ஏஜென்ட் முன்சீட்டில், அஜின் என் பக்கத்தில், திருவனந்தபுரம் வரை என் கையைப் பிடித்தபடி. மார்த்தாண்டத்தில் சாயா குடிக்க இருவரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஏஜென்ட் போனில் பேசியபடி தள்ளி நின்றதாகத்தான் ஞாபகம். ஆனால் சாயா குடித்து முடியும்வரை நான் அவர்களையே பார்த்தேனா என்று சத்தியம் செய்ய முடியவில்லை.

அக்காவிடம் போய் இதைச் சொன்னேன். "அவன் பறஞ்சது உள்ளதுதானாக்கா? எனக்க மனசு ஆறணும்னு பறஞ்சிருப்பானா?" ஊரில் யார் எதைச் சொன்னாலும் நம்பாத மனுஷி ஏதாவது கேள்வி கேட்பார் என்று எதிர்பார்த்தேன்.

"பிள்ள பறஞ்சா பறஞ்சதுதான்" என்றார். "நீ அதுக்க பின்னால போவாத."

அக்கா இறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அஜின் இப்போது நாகர்கோவிலில் ஒரு கட்டட வேலையில் இருக்கிறான். காலையில் டிபன் பாத்திரத்தை வாங்கும்போது, நான் எதையாவது சொல்லப்போகிறேன் என்று வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பான். அந்த ஏஜென்ட் எங்கே வைத்து உன்னிடம் சொன்னான், மார்த்தாண்டத்திலா என்று ஒரே ஒரு கேள்விதான். கேட்டால் என் பிள்ளை யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவான். அந்தப் பதிலுக்குப் பயந்துதான் கேட்கவில்லை. மழை வரும், குடை எடுத்துக்கொள் என்கிறேன். அவன் தலையாட்டிவிட்டுப் போகிறான்.